இரண்டு புத்தகம், இரண்டு விடை: ஃபஸி லாஜிக் பாடநூலை எப்படித் தேர்வது?

கடிதத்தின் சுருக்கம்

தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். அடுத்த செமஸ்டரில் 62 மாணவர்களுக்கு ‘நியூரல் நெட்வொர்க்கும் ஃபஸி லாஜிக்கும்’ என்ற எலெக்டிவ் பாடத்தை முதல்முறையாக எடுக்கப் போகிறார். ஒரு பாடநூல், இரண்டு துணைநூல்களின் பெயரை இந்த மாதக் கடைசிக்குள் தர வேண்டும். நூலகம் 25 பிரதிகள் வாங்கும்.

அவர் கையில் மூன்று நூல்கள் இருக்கின்றன. முதலாவது உள்ளூர் ஆசிரியர் எழுதிய 320 பக்க நூல். சிலபஸின் ஐந்து யூனிட்டையும் வரிசை மாறாமல் பின்பற்றுகிறது, நிறைய விடைக்கணக்குகள் உண்டு, பதினோராம் அச்சு. இரண்டாவது தொண்ணூறுகளில் வெளிவந்த 800 பக்க வெளிநாட்டு நூலின் மலிவுப் பதிப்பு. மூன்றாவது பைத்தான் நிரல்களோடு வண்ணப்படங்கள் நிறைந்த புதிய நூல், ஃபஸிக்கு அதில் ஒரே ஓர் அத்தியாயம்.

முதல் இரண்டு நூல்களிலும் ஒரே டீஃபஸிஃபிகேஷன் கணக்கு, அதாவது ஃபஸி விதிகள் தந்த மங்கலான முடிவை ஒற்றை எண்ணாக மாற்றும் கணக்கு, இருக்கிறது. முதல் நூல் 3.67 என்கிறது, இரண்டாவது 4.33 என்கிறது. “பரீட்சையில் எதை எழுதினால் மார்க் வரும்?” என்று ஒரு மாணவர் கேட்க, இவரால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளூர் நூல்தான் தப்பாக இருக்கும் என்பது இவர் எண்ணம். ஆனால் அதன் ஆசிரியர் துறைத்தலைவருக்கு நெருக்கமானவர். குறை சொன்னால் தன் மேல் வருத்தம் வருமோ என்ற பயமும் இருக்கிறது. கூடவே இரண்டு கேள்விகள்: ஃபஸி என்பது நிகழ்தகவின் இன்னொரு வடிவம்தானே, அந்த அத்தியாயங்களை மேலோட்டமாகப் பார்த்தால் போதாதா? வெளிநாட்டு நூலின் சில அத்தியாயங்களை நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மாணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மூன்று நூல்களையும் எடைபோடும் தராசு அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

3.67-ம் சரி, 4.33-ம் சரி

நீங்கள் அனுப்பிய கணக்கில் வெளியீட்டு அச்சு 0 முதல் 10 வரை. ‘குறைவு’ என்ற முக்கோணம் 0-இல் தொடங்கி 2-இல் உச்சம் தொட்டு 4-இல் முடிகிறது. ‘அதிகம்’ என்ற முக்கோணம் 4-இல் தொடங்கி 7-இல் உச்சம், 10-இல் முடிவு. முதல் விதியின் வலு, அதாவது அந்த விதி எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்ற எண், 0.5. இரண்டாவதன் வலு 0.25.

மம்தானி முறையில் முக்கோணங்களின் தலையை அந்த உயரத்தில் வெட்டுகிறோம். முதல் முக்கோணம் 0.5 உயரமுள்ள சரிவகமாகிறது. அடிப்பக்கம் 4, மேல்பக்கம் 2, பரப்பு 1.5, மையம் 2. இரண்டாவதன் உயரம் 0.25, அடிப்பக்கம் 6, மேல்பக்கம் 4.5, பரப்பு 1.3125, மையம் 7. சென்ட்ராய்டு (மொத்தப் பரப்பின் மையம்) வேண்டுமென்றால் பரப்பை மையத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். 3 + 9.1875 = 12.1875. அதை 2.8125-ஆல் வகுத்தால் 4.33. இரண்டாம் நூல் செய்தது இதைத்தான்.

முதல் நூல் பரப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. உச்சப்புள்ளிகளை விதியின் வலுவால் பெருக்கிச் சராசரி எடுத்திருக்கிறது. (0.5 × 2 + 0.25 × 7) ÷ 0.75 = 3.67. இது எடையிட்ட சராசரி முறை, அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். இன்னும் இருக்கிறது. உச்சங்களின் சராசரி முறையில் போட்டால், உயரம் அதிகபட்சமாக இருப்பது 1-க்கும் 3-க்கும் இடையில் மட்டுமே என்பதால் விடை 2. தலையை வெட்டாமல் முக்கோணத்தின் உயரத்தையே அதே விகிதத்தில் சுருக்கிவிட்டுச் சென்ட்ராய்டு எடுத்தால் பரப்புகள் 1, 0.75 ஆகும், விடை 4.14.

ஒரே கணக்குக்கு 2, 3.67, 4.14, 4.33 என நான்கு விடைகள் வந்துவிட்டன, ஒன்றிலும் பிழை இல்லை. ஆகவே எந்த நூல் எந்த விடையைத் தந்தது என்பதை விட்டுவிடுங்கள். எந்த முறையில் போட்டோம், வெட்டினோமா சுருக்கினோமா என்பதைக் கணக்கின் தலையிலேயே சொன்ன நூல் எது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இரண்டாம் நூல் சொல்லியிருக்கிறது. முதல் நூல் வெறுமனே ‘டீஃபஸிஃபை செய்தால் 3.67’ என்று முடித்துவிட்டது. அதன் குறை அந்த ஒரு வரி இல்லாததுதான். மாணவர் குழம்பியதும் அந்த வரி இல்லாததால்தான்.

முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கணக்குகளில் இன்னொரு கண்ணி உண்டு. பரப்புகளைத் தனித்தனியே கூட்டும் ‘சென்டர் ஆஃப் சம்ஸ்’ முறையில், இரண்டுக்கும் பொதுவான துண்டு இருமுறை எண்ணப்படும். சென்ட்ராய்டு முறையில் மேல் எல்லைக்கோட்டை மட்டும் எடுப்பதால் ஒருமுறைதான் எண்ணப்படும். உங்கள் கணக்கில் முக்கோணங்கள் 4-இல் தொட்டுக்கொண்டு பிரிந்துவிடுவதால் இரண்டும் ஒன்றாகவே வரும். ஏறிக்கிடக்கும் ஒரு கணக்கை எடுத்து, நூல் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாமல் இரண்டு பெயரையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஆசிரியர் தானே உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்கு அது இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாணவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது: விடைத்தாளின் முதல் வரியில் முறையின் பெயரை எழுது. வினாத்தாள் தயாரிக்கும் முறை உங்களுக்கு வந்தால், கேள்வியிலேயே முறையைக் குறிப்பிடுங்கள், விடைக்குறிப்பிலும் எழுதுங்கள். 13 மார்க் கேள்வி ஒன்று முறை சொல்லப்படாமல் போய்விட்டால், சரியாகப் போட்ட மாணவரும் திருத்துபவரின் நூலைப் பொறுத்து மார்க்கை இழப்பார்.

அச்சு எண்ணிக்கை, நாடு, கனம்

பதினோராம் அச்சு என்றால் பதினோரு முறை திருத்தியது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘பதிப்பு’ என்று இருந்தால் ஆசிரியர் உள்ளே கை வைத்திருக்க வாய்ப்புண்டு. ‘மறுஅச்சு’ என்றால் அதே பக்கங்கள் மறுபடி அச்சேறியிருக்கின்றன, பழைய பிழைகளும் கூடவே வந்திருக்கும். அந்த எண் விற்பனையைச் சொல்லும், திருத்தத்தைச் சொல்லாது.

வெளிநாட்டு நூல் என்பதாலேயே நம்பகமானது என்பதும் சரியில்லை. உங்கள் இரண்டாம் நூல் தொண்ணூறுகளில் எழுதப்பட்டது. அதன் ஃபஸி அத்தியாயங்களும் பேக்ப்ராபகேஷன் (வெளியீட்டில் வந்த பிழையைப் பின்னோக்கிப் பகிர்ந்து வெயிட்டுகளைத் திருத்தும் முறை) அடிப்படையும் இன்றும் அப்படியே நிற்கும். கணிதம் பழசாவதில்லை. ஆனால் ஆழமான நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிப்பது பற்றி அதில் ஒன்றும் இருக்காது, அந்த வேலை வேகம் பிடித்ததே 2012-க்குப் பிறகு. நியூரானின் வெளியீட்டை 0-க்கும் 1-க்கும் இடையில் அடக்கும் வளைகோடான சிக்மாய்டின் சரிவு எங்குமே 0.25-ஐத் தாண்டாது. பத்து அடுக்கில் அதை அடுத்தடுத்துப் பெருக்கினால் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும், முதல் அடுக்குகள் எதையும் கற்காது. இந்த ஒரு பெருக்கலைக்கூடச் செய்து காட்டாத நூலில் ‘அடுக்குகளைக் கூட்டினால் திறன் கூடும்’ என்று எழுதியிருந்தால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

ஃபஸி நிகழ்தகவு இல்லை

இது உங்களுக்கே இருக்கும் சந்தேகம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வகுப்புக்குப் போகும் முன் இது தெளிந்துவிட வேண்டும்.

ஒரு மாம்பழத்தைக் கையில் எடுக்கிறீர்கள். ‘இது பழுத்திருக்க 0.7 நிகழ்தகவு’ என்றால், இப்படிப்பட்ட பத்துப் பழங்களை அறுத்தால் ஏறத்தாழ ஏழு பழமாக இருக்கும், மூன்று காயாக இருக்கும் என்று பொருள். அறுத்துப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும், விடை 1 அல்லது 0. ‘பழுத்தது என்ற கணத்தில் (செட்) இதன் உறுப்பு அளவு 0.7’ என்பது வேறு பேச்சு. பழத்தை அறுத்து, முகர்ந்து, தின்றும் பார்த்தாயிற்று, எல்லாம் தெரிந்த பிறகும் அது 0.7 பழுத்ததுதான். அதே பழம் ‘செங்காய்’ என்ற கணத்தில் 0.5 அளவு இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் 1.2 வருகிறதே என்று யாரும் பதற வேண்டியதில்லை. ஒன்றாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் நிகழ்தகவுக்கு மட்டும்தான்.

இதிலிருந்தே நூலுக்கான ஒரு சோதனை கிடைக்கிறது. சாதாரணக் கணங்களின் கோட்பாட்டில் ‘பழுத்தது அல்லது பழுக்காதது’ என்பது எப்போதும் 1, ‘பழுத்தது, அதே சமயம் பழுக்காதது’ என்பது எப்போதும் 0. வழக்கமான ஃபஸி செயல்களில் முதலாவதற்குப் பெரிய எண்ணை எடுக்கிறோம், 0.7-க்கும் 0.3-க்கும் பெரியது 0.7. இரண்டாவதற்குச் சிறிய எண், 0.3. பழைய இரண்டு விதிகளுமே இங்கே உடைகின்றன. நல்ல நூல் இதைக் கணங்களின் பண்புகளைச் சொல்லும் பக்கத்திலேயே, எண் போட்டுக் காட்டிவிடும். மோசமான நூலோ டி மார்கன் விதி, பரிமாற்று விதி என்று பழைய பட்டியலை அப்படியே இறக்கி, இந்த இரண்டையும் சேர்த்தே ‘பொருந்தும்’ என்று எழுதியிருக்கும். உங்கள் மூன்று நூல்களிலும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், இரண்டு நிமிடம் போதும்.

இன்னும் ஒரு நுட்பம். ‘இது என்றால் அது’ என்ற விதிக்கு மம்தானி முறை சிறிய எண்ணை எடுக்கிறது. தருக்கத்தில் முன்பகுதி பொய்யானால் முழு வாக்கியமும் மெய். மம்தானியில் முன்பகுதி 0 ஆனால் விடையும் 0. கட்டுப்பாட்டுக் கருவிக்கு இது வசதியான ஏற்பாடு, தருக்கத்தின் ‘என்றால்’ ஆகாது. இதை ஒரே வரியிலாவது சொல்லியிருக்கும் நூலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

‘ஃபஸி என்றால் துல்லியமில்லாதது’ என்று முன்னுரையிலேயே எழுதும் நூல்களும் உண்டு. மொழியில் உள்ள மங்கலைத் துல்லியமாகக் கணக்கிடும் முறை அது. லோட்ஃபி சாதே 1965-இல் எழுதிய மூலக்கட்டுரை 16 பக்கம்தான், நீங்களே ஒரு மாலையில் படித்துவிடலாம். மம்தானியும் அசிலியனும் நீராவி எஞ்சினைக் கட்டுப்படுத்திய கட்டுரை 1975-இல் வந்தது. 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில், வண்டியை ஓட்டவும் நிறுத்தவும் ஃபஸி கட்டுப்பாட்டோடு ஓடத் தொடங்கியது. மின்னியல் மாணவர்களுக்கு வாஷிங் மெஷினைவிட இந்த இரண்டும் நல்ல உதாரணம். எந்த உள்ளீடு, எந்த வெளியீடு, எதைக் கட்டுப்படுத்தினார்கள் என்று பெயர் சொல்லிப் பேச முடியும். உங்கள் நூலின் ‘பயன்பாடுகள்’ அத்தியாயம் அப்படிப் பேசுகிறதா, அல்லது துறைகளின் பெயரை மட்டும் அடுக்குகிறதா என்று பாருங்கள்.

பேக்ப்ராபகேஷன் பக்கத்தைக் கால்குலேட்டரோடு திறங்கள்

நியூரல் நெட்வொர்க் பகுதியில் அதிகம் பிழை மலியும் இடம் இதுதான். பரீட்சையில் அதிகம் கேட்கப்படும் இடமும் இதுதான். நூலில் உள்ள பெரிய கணக்குக்குள் நேரடியாக இறங்காமல், இந்தச் சிறிய கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உள்ளீடு, இடையில் ஒரு மறை (ஹிட்டன்) நியூரான், ஒரு வெளியீட்டு நியூரான். பயஸ் (கூடவே சேர்க்கும் மாறிலி) வேண்டாம். உள்ளீடு 1, முதல் வெயிட் (இணைப்பின் எடை) 0.5, இரண்டாம் வெயிட் 0.4, இலக்கு 1, கற்றல் வேகம் 1, இரண்டிலும் சிக்மாய்டு. மறை நியூரான் தருவது 0.6225, வெளியீடு 0.5619, பிழை 0.4381. வெளியீட்டின் டெல்டா என்பது பிழை × வெளியீடு × (1 − வெளியீடு), அதாவது 0.1078. இரண்டாம் வெயிட் 0.4-லிருந்து 0.4671 ஆகிறது.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். மறை நியூரானின் டெல்டாவுக்கு இரண்டாம் வெயிட் தேவை. பழைய 0.4-ஐப் போட வேண்டுமா, இப்போது திருத்திய 0.4671-ஐப் போட வேண்டுமா? பழையதைப் போட்டால் டெல்டா 0.0101, முதல் வெயிட் 0.5101. புதியதைப் போட்டால் 0.0118, முதல் வெயிட் 0.5118. மூன்றாம் தசமத்தில்தான் வேறுபாடு என்பதால் யார் கண்ணிலும் படாது.

எது சரி என்று எந்த நூலையும் கேட்க வேண்டியதில்லை, கணக்கே சொல்லும். பிழையின் வர்க்கத்தில் பாதியை எடுங்கள், 0.095954. இரண்டாம் வெயிட்டை 0.4-லேயே விட்டுவிட்டு, முதல் வெயிட்டை மட்டும் 0.5-லிருந்து 0.51 ஆக்கி மறுபடி போடுங்கள், 0.095853. குறைந்தது 0.000101. அதை 0.01-ஆல் வகுத்தால் 0.0101. ஆகவே பழைய வெயிட்டைப் போட்டதுதான் சரியான சரிவு. உங்கள் நூல் எல்லா டெல்டாக்களையும் கணக்கிட்டு முடித்த பிறகே வெயிட்டுகளைத் திருத்துகிறதா என்று இதை வைத்துப் பாருங்கள். ஒரு வெயிட்டை லேசாக அசைத்துப் பார்க்கும் இந்தச் சோதனை எந்த அளவு நெட்வொர்க்குக்கும் பொருந்தும். வகுப்பிலும் கற்றுக்கொடுங்கள், நூலைச் சரிபார்க்க மாணவர்களுக்கே ஒரு கருவி கிடைத்துவிடும்.

அந்தப் பக்கத்தில் வழக்கமாகத் தவறிப்போகும் வேறு இரண்டு இடங்கள்:

*சரிவின் வாய்பாடு.* வெளியீடு × (1 − வெளியீடு) என்பது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட சிக்மாய்டுக்கு மட்டும். −1 முதல் 1 வரை போகும் பைபோலார் சிக்மாய்டுக்கு ½(1 − வெளியீட்டின் வர்க்கம்). டான்ஹெச்-க்கு அந்த ½ கிடையாது. பைபோலாரையும் டான்ஹெச்சையும் ஒன்றென்று எழுதிவிட்டு ஒரே வாய்பாட்டைத் தருவது அடிக்கடி நடக்கும் பிழை.

*சரிவே இல்லாத டெல்டா.* சில நூல்களில் வெளியீட்டு டெல்டா வெறும் பிழையாக, நம் கணக்கில் 0.4381 ஆக, இருக்கும். உடனே தப்பு என்று குறித்துவிடாதீர்கள். பிழையை வர்க்கத்தில் அளக்காமல் கிராஸ் என்ட்ரபி என்ற வேறு அளவில் அளந்தால் அதுதான் சரி, சரிவு அடிபட்டுப் போய்விடும். வர்க்கப் பிழை என்று சொல்லிவிட்டு இப்படி எழுதியிருந்தால் மட்டுமே தப்பு. உங்கள் மூன்றாம் நூல் புதியது என்பதால் இதை அதில் பார்க்க வாய்ப்புண்டு, மாணவர்கள் முதல் நூலோடு ஒப்பிட்டு மறுபடி ‘இரண்டு விடை’ என்று வருவார்கள். தயாராக இருங்கள்.

ஒட்டுப்போட்ட நூலின் அடையாளங்கள்

நான்கைந்து நூல்களிலிருந்து வெட்டி ஒட்டிய நூலைக் கண்டுபிடிக்கக் குறியீடுகளைப் பாருங்கள். வெயிட்டுக்குக் கீழே எழுதும் ஐ, ஜே என்ற இரண்டு எழுத்துகளில் முதலாவது சில நூல்களில் புறப்படும் நியூரானைக் குறிக்கும், சிலவற்றில் போய்ச் சேரும் நியூரானை. இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. ஆனால் ஒரே நூலில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்று, ஐந்தாம் அத்தியாயத்தில் இன்னொன்று என்றால், எழுதியவர் ஒரே மனதோடு எழுதவில்லை. த்ரெஷோல்டை (நியூரான் 1 தரத் தாண்ட வேண்டிய எல்லை) கழிக்கும் நூல் திடீரென்று பயஸைக் கூட்டத் தொடங்கி, ஒன்று மற்றொன்றின் எதிர்க்குறி என்று சொல்லாமல் போவதும் இதே வகை.

எக்ஸ்-ஆர் (இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் மட்டும் 1 தரும் செயல்) பக்கத்தையும் பாருங்கள். ஒற்றை அடுக்குப் பெர்செப்ட்ரானால் எக்ஸ்-ஆர் முடியாது என்பதற்கு எல்லா நூலும் ஒரு படம் போடும். நிறுவல் நான்கே வரி: 0,0-க்கு விடை 0 வர த்ரெஷோல்ட் 0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், 1,0-க்கும் 0,1-க்கும் 1 வர இரண்டு வெயிட்டுமே தனித்தனியாக த்ரெஷோல்டைத் தாண்ட வேண்டும், அப்படியானால் இரண்டின் கூட்டல் த்ரெஷோல்டின் இருமடங்கைத் தாண்டும், ஆனால் 1,1-க்கு 0 வர அந்தக் கூட்டல் த்ரெஷோல்டைத் தாண்டக் கூடாது. முரண். இதை எழுதாமல், ‘நியூரல் நெட்வொர்க்கால் எக்ஸ்-ஆர் முடியாது என்று 1969-இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் நிறுவினர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அது பிழை. அந்த வரம்பு ஒற்றை அடுக்குக்குத்தான். மறை அடுக்கு ஒன்று சேர்ந்தால் எக்ஸ்-ஆர் எளிது.

வடிவங்களை நினைவில் வைக்கும் ஹாப்ஃபீல்டு நெட்வொர்க் அத்தியாயத்தில் கொள்ளளவு சொல்லப்பட்டிருக்கிறதா? 100 நியூரான் இருந்தால் தோராயமாக 14 வடிவங்கள்தான் நிற்கும், அதற்கு மேல் போனால் நினைவு குழம்பிவிடும். நான்கு நியூரான், ஒரு வடிவம் என்று கணக்குப் போட்டு முடிக்கும் நூலில் மாணவருக்கு இது தெரியவே வராது. 2024-இல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் இயற்பியல் நோபல் கிடைத்த பிறகு மாணவர்கள் ஆர்வமாகக் கேட்கும் பகுதி இது.

நிரல்கள் உள்ள நூலில், பயிற்சிக்குக் கொடுத்த தரவிலேயே சோதித்து ‘98 சதவீதம் சரி’ என்று காட்டுகிறார்களா என்று பாருங்கள். தரவைப் பயிற்சி, சரிபார்ப்பு, சோதனை என்று பிரிக்காத நூலை ஆய்வகத்துக்குக் கொடுக்காதீர்கள். மேட்லாப் நிரல்கள் இருந்தால், நெட்வொர்க்கை உருவாக்கும் ‘நியூஎஃப்எஃப்’ என்ற கட்டளை வருகிறதா என்று தேடுங்கள். 2010-லேயே அது வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. மாணவர் தட்டச்சு செய்து பார்த்து, எச்சரிக்கையோ பிழையோ வந்து, தன் மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்வார்.

நகல் எடுத்துக் கொடுக்கலாமா?

ஓரளவுக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஐ) பிரிவு, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாக நகல் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடத்திட்டத்துக்காகத் தொகுத்த நகல்களுக்கும் இது பொருந்தும் என்றது. அளவுக்கு அது வைத்த உரைகல், கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையான அளவா என்பதுதான். அந்தத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டக்கூடிய தீர்ப்பு என்ற அளவில் நிற்கும்.

ஆகவே நடத்தப்போகும் இரண்டு அத்தியாயங்களை நகலெடுத்து, நூலின் பெயர் போட்டு, லாபம் வைக்காமல் கொடுப்பது ஒன்று. முழு நூலின் பிடிஎஃப்-ஐ வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள், மாணவர்கள் செய்தாலும் நீங்கள் அட்மினாக இருக்கும் குழுவில் விடாதீர்கள். தேவையும் இல்லை. குட்ஃபெலோ, பென்ஜியோ, கூர்வில் மூவரும் 2016-இல் எழுதிய டீப் லேர்னிங் நூலை அவர்களே இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். ஹேகனும் உடன் ஆசிரியர்களும் எழுதிய நியூரல் நெட்வொர்க் டிசைன் நூலும் அப்படியே கிடைக்கிறது. இரண்டாவது நூலில் படிப்படியான கணக்குகள் அதிகம், உங்கள் மாணவர்களுக்கு முதலில் அதைச் சொல்லுங்கள்.

25 பிரதிகள், ஒரு துறைத்தலைவர்

முதல் நூலை ஒதுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சிலபஸோடு ஒட்டி நடப்பது மாணவருக்குச் சின்ன உதவி இல்லை. முதல் செமஸ்டரில் உங்களுக்கும் அது கைத்தடி. ஆனால் வாங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். யூனிட்டுக்கு ஒரு கணக்கு வீதம் ஐந்து விடைக்கணக்குகளை, நூலைப் பார்க்காமல் நீங்களே போடுங்கள். பிறகு ஒப்பிட்டு, வேறுபாடுகளை இரண்டாகப் பிரியுங்கள். எண் தவறிய அச்சுப்பிழை, முறை சொல்லாத விடுபடல் ஒரு பக்கம். ‘பழுத்தது அல்லது பழுக்காதது எப்போதும் 1’ போன்ற பழைய விதிகள் ஃபஸியிலும் பொருந்தும் என்பது, திருத்திய வெயிட்டை வைத்து டெல்டா போடுவது போன்ற கருத்துப்பிழை இன்னொரு பக்கம். முதல் வகை ஏழெட்டு இருந்தாலும் ஒரு தாளில் திருத்திக்கொண்டு நூலைப் பயன்படுத்தலாம். இரண்டாம் வகை இரண்டுக்கு மேல் போனால் பாடநூலாக வைக்காதீர்கள், துணைநூலாக இருக்கட்டும்.

சோதனையில் தேறினால் பிரதிகளை இப்படிப் பிரிக்கலாம்: முதல் நூல் 15, இரண்டாவது 6, மூன்றாவது 4. மூன்றாவதை நூலகத்தில் வைக்காமல் ஆய்வகத்தில் வையுங்கள். அங்கேதான் அதைத் திறப்பார்கள்.

துறைத்தலைவரிடம் போகும்போது ‘இந்த நூல் தரமில்லை’ என்று தொடங்காதீர்கள். அது ஆசிரியரைப் பற்றிய பேச்சாகிவிடும். பக்கம், வரி, நூலில் உள்ளது, இருக்க வேண்டியது, சரிபார்த்த விதம் என்று ஐந்து பத்தி போட்ட ஒரு தாளை நீட்டுங்கள். “சார், இதைத்தான் பாடநூலாக வைக்கலாம்னு இருக்கேன். போட்டுப் பார்த்ததுல இந்த ஆறு இடம் வந்தது. ஆசிரியர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே, அவர்கிட்ட ஒருதடவை காட்டிட முடியுமா?” என்று கேளுங்கள். நெருக்கம் அப்போது உங்களுக்கு உதவியாக மாறும். பாடநூல் எழுதியவர்களுக்கு வகுப்பறையிலிருந்து இவ்வளவு கவனமான பட்டியல் வருவது அபூர்வம், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடுதான் வாங்கிக்கொள்வார்கள். பதில் வராவிட்டாலும் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள், பன்னிரண்டாம் அச்சிலாவது சேரட்டும்.

அந்தத் தாளை நகலெடுத்து, 15 பிரதிகளிலும் பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மேலே தேதி போடுங்கள், கீழே பாதித் தாளைக் காலியாக விடுங்கள். 3.67-ஐயும் 4.33-ஐயும் கொண்டுவந்த அந்த மாணவருக்கு அதில் எழுத இன்னும் சில வரிகள் கிடைக்கும்.